வெஸ்பா ஸ்கூட்டரோட அடியில டீசல் ஸ்பிரே அடிக்கிற புண்ணியவான்களே!

நம்ம குமரி மாவட்டத்துல குளச்சல், முட்டம் கடலோரம் ஓடுற வெஸ்பாவோட அடிவயித்தை யாராவது குனிஞ்சு பாத்திருக்கீங்களா? மேல கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளப்பு, கீழ முழுக்கத் துரு. கேட்டா "உப்புக்காத்து மக்கா, என்ன செய்ய?"ன்னு கையை விரிக்காங்க. உப்புக்காத்து பாதிதான் ஓய். மீதி வாட்டர் சர்வீஸ்காரங்க கைங்கரியம்.

மத்த ஸ்கூட்டர்ல பெரும்பாலும் இரும்புச் சட்டத்து மேல பிளாஸ்டிக்கை மாட்டியிருப்பான். உடைஞ்சா வேற வாங்கி மாட்டிக்கலாம். வெஸ்பாவுல 1946-ல இருந்தே தகட்டு பாடிதான் சேஸி, அதாவது வண்டியைத் தாங்குற சட்டமே அதுதான். ஃப்ளோர்ல ஓட்டை விழுந்தா முதுகெலும்புல ஓட்டை விழுந்த கணக்கு. இது தெரியாம பிரஷர் கன்னைத் தூக்கிட்டு வந்துருவாங்க.

இடப்பக்கம், இன்ஜின் ஓட்டத்தைப் பின் வீலுக்குக் கொண்டு போற பெல்ட் பெட்டி காத்து வாங்குற வழியைக் குறிபாத்து அடிப்பாங்க. உள்ள தண்ணி போனா பெல்ட் வழுக்கும். ஆக்சிலேட்டரைத் திருக்குனா இன்ஜின் கத்தும், வண்டி நகராது. காயவிட்டா சரியாகுற விஷயத்துக்குக் கிளட்ச் மாத்தி பில் போடுற மகராசங்களும் உண்டு. அடுத்தது முன் வீல். வெஸ்பாவை வரைஞ்ச கொராதினோ தஸ்கானியோ விமான இன்ஜினியர். பஞ்சர் ஆனா லேசா கழட்டணும்னு வீலை ஒரு பக்கத்துல மட்டும் பிடிக்கிற ஒத்தைக் கையில தொங்க விட்டாரு. அந்தக் கை ஆடுற மூட்டுல நீடில் பேரிங் (ஊசி மாதிரி மெல்லிய உருளை வச்ச பேரிங்) இருக்கு. பக்கத்துல வச்சு அடிச்சா கிரீஸ் போகும், தண்ணி தங்கும், கொஞ்ச நாள்ல பள்ளத்துல இறங்குனா "டொக் டொக்".

இதெல்லாம் முடிச்சுட்டு டீசல் ஸ்பிரே! டீசல் மூட்டுகள்ல அதிர்வைத் தாங்குற ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும். பின் பிரேக் டிரம்முக்குள்ள போச்சுன்னா பிரேக் ஷூ எண்ணெய் குடிச்சு, பிரேக் பிடிக்காது; மார்த்தாண்டம் ஏத்த இறக்கத்துல அதை வச்சுக்கிட்டு என்ன செய்ய? துருவையாவது தடுக்குமான்னா அதுவும் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்குல ரோட்டு மண்ணும் உப்பும் ஒட்டி, ஈரத்தைத் தகட்டோட சேத்துப் பிடிச்சு வைக்கும். நமக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. தகடு எப்ப ஓய் காயும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாதா ஹோஸ்ல நல்ல தண்ணி விட்டுக் கீழ உப்பைக் கழுவணும், உப்புச்சுவை உள்ள போர் தண்ணி ஆகாது. ஃப்ளோர் மேட்டைத் தூக்கி அடியில துடைக்கணும், ஈரம் தங்குற முதல் இடமே அதுதான். தண்ணி வடியுற ஓட்டை அடைச்சிருந்தா ஈர்க்கில் விட்டுக் குத்தணும். கம்பி வேண்டாம், பெயின்ட் கீறும். கழுவுனதும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு வெயில்ல நிறுத்தணும்.

துரு ஏற்கெனவே வந்தாச்சா? 80 நம்பர் எமரி போட்டு வெள்ளைத் தகடு தெரியுற வரை தேய், 220 போட்டு நைசாக்கு, தின்னர்ல துடை, எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட்டு, ராத்திரி முழுக்கக் காயவிடு, அதுக்கப்புறம் பெயின்ட், கடைசியில அண்டர்கோட்டிங்னு அடியில பூசுற கறுப்புப் பூச்சு. இந்த வரிசையை விட்டுட்டு மண்ணுக்கும் துருவுக்கும் மேலயே கறுப்புக் கோட்டிங்கை அப்பி விடுறாங்க பாருங்க, அதுக்குப் பேசாம டீசலே தேவலை. பூச்சுக்கு உள்ள துரு தின்னுக்கிட்டே இருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. ஒருநாள் ஸ்குரூடிரைவரை வச்சு அமுக்குனா அப்பளம் மாதிரி உள்ள போகும்.

"கீழ டீசல் அடிக்காண்டாம்"னு சொல்லிப் பாருங்க. "அது சர்வீஸ்ல ஃப்ரீயாக்கும் அண்ணே"ன்னுட்டு அடிச்சு விடுவான்.