நீர்க்கட்டி ஆய்வு குழந்தைப்பேற்றோடு நின்றுவிடக் கூடாது

சூலக நீர்க்கட்டி நோய்க்கான (PCOS) சிகிச்சை ஆய்வுகளில் மிகத் தெளிவான விடைகள் கிடைத்திருப்பது, குழந்தை வேண்டும் என்று வைத்தியரிடம் செல்லும் பெண்களுக்குத்தான். 750 பெண்களைச் சேர்த்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவந்த குளோமிபீனை விட, மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படும் லெற்றோசோல் கூடிய பலன் தந்தது. லெற்றோசோல் எடுத்தோரில் 27.5 வீதமானோரும் குளோமிபீன் எடுத்தோரில் 19.1 வீதமானோரும் உயிருடன் குழந்தை பெற்றார்கள். இன்று சர்வதேச வழிகாட்டலில் லெற்றோசோலுக்கே முதலிடம். எத்தனையோ வீடுகளின் கண்ணீரைத் துடைத்த முன்னேற்றம் அது.

ஆனால் மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போய், முகத்தில் உரோமம் வளர்ந்து, பின்கழுத்துக் கறுத்துப்போன பதினேழு வயதுப் பிள்ளைக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? "கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும்" என்ற பேச்சுத்தான் யாழ்ப்பாணத்தில் அவளுக்கு முதலிற் கிடைக்கிறது. வைத்தியர் ஓமோன் குளிசை எழுதினால், "கலியாணம் கட்டாத பிள்ளைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையோ?" என்று தாய் பதறுகிறார். அந்தப் பதற்றம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் மாதவிடாய் வராமலே நீண்டகாலம் போனால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் அங்கு புற்றுநோய் ஏற்படும் அபாயம் கூடுகிறது என்பதையும், அதைத் தடுக்கவே அக்குளிசை கொடுக்கப்படுகிறது என்பதையும் யாராவது அந்தத் தாய்க்கு அமர்ந்து சொல்ல வேண்டும்.

அக்குளிசை, பலரிடம் இந்நோயின் அடியில் இருக்கும் இன்சுலின் எதிர்ப்பை, அதாவது இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காததால் அது கூடுதலாகச் சுரக்கும் நிலையை, தீர்ப்பதில்லை. உடலில் இன்சுலின் கூடும்போது சூலகம் ஆண் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. முட்டைகள் முதிராமல் இடைநடுவில் நின்றுவிடுகின்றன. இதற்குக் கொடுக்கப்படும் மெற்போமினும் நீரிழிவுக்கென வந்த மருந்துதான். இத்தனை பெண்களைப் பீடிக்கும் நோய்க்கு, இதற்கென்றே உருவாக்கப்பட்ட மருந்து இன்னமும் இல்லாதது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

2024 இல் சீனாவின் ஃபுடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் வகை மருந்தொன்றை 19 பெண்களுக்கு 12 வாரங்கள் கொடுத்தபோது ஆண் ஓமோன் குறைந்தது. 12 பேருக்கு மாதவிடாய் ஒழுங்காயிற்று. சூலகத்தில் அந்த ஓமோன் உருவாகும் இடத்தையே இம்மருந்து தொடுவதால் இதை நம்பிக்கையோடு கவனிக்கிறேன். எனினும் 19 பேரை வைத்து, ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழு இல்லாமல் செய்த ஆய்வு அது. அதை நம்பி யாரும் பாமசிக்கு ஓட வேண்டாம்.

நம் பெண்களுக்கு இந்த அவசரம் இன்னும் கூடுதலானது. பிரித்தானியாவில் வாழும் தெற்காசியப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களை விட இளவயதிலேயே அறிகுறிகள் தோன்றுவதையும் இன்சுலின் எதிர்ப்புக் கடுமையாக இருப்பதையும் 2002 இலேயே ஓர் ஆய்வு காட்டியது. இலங்கையின் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களில் 6.3 வீதமானோருக்கு இந்நோய் இருப்பதை 2008 இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது.

ஆகவே நமது மருத்துவபீடமும் போதனா வைத்தியசாலையும் இணைந்து, வடக்கின் இளம்பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வொன்றை நடத்த வேண்டும். ஓட்ஸ் சாப்பிடு என்று சொல்லி அனுப்பாமல், நாம் உண்ணும் சோறு, புட்டு, இடியப்பத்தின் அளவையும் அரிசி வகையையும் மாற்றினால் இன்சுலின் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதில் சேர வரும் பிள்ளையிடம், திருமணமாகிவிட்டதா என்பதை ஒரு நிபந்தனையாகக் கேட்கக் கூடாது.