உரிமமே வேண்டாமாம், ஆனால் உரிமத்தைக் காட்ட வேண்டுமாம்

மின்வாகன சார்ஜிங் நிலையம் நடத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. யார் வேண்டுமானாலும் அமைக்கலாம் என்று அந்த அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதலும் சொன்னது. அப்புறம் ஏன் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் சாலையோரம் சொந்த இடம் வைத்திருக்கும் எனக்கு, ஒரு சார்ஜிங் நிலையத்துக்கு மின் இணைப்பு வாங்க இத்தனை அலைச்சல்?

"லைசென்ஸ் எங்கே?" என்கிறார் மின்வாரிய அலுவலகத்தில் ஒருவர். விதியிலேயே இல்லாததை எங்கே போய் வாங்குவது? பட்டா கொடுத்தால் வில்லங்கச் சான்று. அதைக் கொடுத்தால் தடையின்மைச் சான்று. யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை! அடுத்த மேசைக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து. ஐஸ் கம்பெனிக்கும் இறால் பண்ணைக்கும் இணைப்பு கொடுக்கத் தெரிகிறதே, இதற்கு மட்டும் என்ன வந்தது? கிராமப்புறத்தில் 15 நாளில் புது இணைப்பு தர வேண்டும் என்று 2024-ல் விதியைத் திருத்தினார்களே, அது யாருக்காக?

பாதுகாப்புச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நன்றாகச் சோதியுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, உப்புக்காற்றில் சார்ஜிங் பெட்டி துருப்பிடிக்காதா என்று பாருங்கள். கடலோரத்தில் அதுதானே உயிர் போகிற விஷயம்? அதை இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் ஜெராக்ஸ், ஜெராக்ஸ், ஜெராக்ஸ்.

மதுரையிலிருந்து மின்சாரக் காரில் வருகிறவர்கள் பாம்பன் பாலத்தைத் தாண்டி தனுஷ்கோடி வரை போய்த் திரும்ப முடியுமா என்று மண்டபத்திலேயே கணக்குப் போடுகிறார்கள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிற மாவட்டம் இது. இங்கே ஒரு காருக்கு சார்ஜ் ஏற்றிவிட நான் இன்னும் எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டும்?