டைட்டானிக்: சாட்சியம் எதுவரை, ஊகம் எங்கிருந்து?

ஏப்ரல் வந்தால் போதும், "டைட்டானிக்கை மூழ்கடித்தது பனிப்பாறை இல்லை, உள்ளே எரிந்த தீ" என்ற ஃபார்வர்டு கிளம்பிவிடும். முழுப் பொய் என்றால் ஒரே வரியில் தள்ளிவிடலாம். இது பாதி உண்மை, அதனால்தான் தொல்லை.

தீ எரிந்தது நிஜம். 5, 6-ஆம் எண் கொதிகலன் அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச் சுவரை ஒட்டிய நிலக்கரிக் கிடங்கில் எரிந்தது. கரியை வாரி வெளியேற்றித்தான் அணைத்தார்கள். மோதலுக்கு முந்தைய நாள், 1912 ஏப்ரல் 13 அன்று வேலை முடிந்தது. சுவரின் அடிப்பகுதி நெளிந்திருந்ததாகக் கொதிகலன் தொழிலாளி ஃபிரெடரிக் பாரெட் அந்த வருடமே பிரிட்டிஷ் விசாரணையில் சொல்லிவிட்டார். இதில் யாரும் மறைத்த ரகசியம் எதுவும் இல்லை.

மோதலில் விழுந்த சேதம் அந்தச் சுவரைத் தாண்டி 5-ஆம் அறைக்குள் சுமார் 2 அடியில் முடிந்தது. அதாவது, காலியாக இருந்த அதே கிடங்குக்குள். பிறகு கொதிகலன்களுக்கு இடையே தண்ணீர் பாய்ந்து வந்ததைப் பாரெட் பார்த்தார். மேலே ஏறித் தப்பினார். உடைந்தது எது? வெப்பத்தில் நெளிந்த சுவரா, நீரைத் தாங்கவே கட்டப்படாத கிடங்கின் தடுப்பா? அவர் பார்த்தது தண்ணீரை மட்டும்தான். ஊகம் சரியாக இந்த இடத்தில் தொடங்குகிறது. சுவர் தாங்கியிருந்தாலும் முன்பக்கத்தில், நீர் புகாத சுவர்களால் பிரிக்கப்பட்ட அறைகளில் 5 பிரிவுகள் ஏற்கெனவே நிரம்பிக்கொண்டிருந்தன. முதல் 4 நிரம்பினால் மிதக்கும் அளவுக்குத்தான் கப்பலின் வடிவமைப்பு. ஆகவே தீயின் பங்கு இருந்தால், அது மூழ்கும் நேரத்தில்தான் இருக்க முடியும்.

அடுத்தது, "பனிப்பாறை 300 அடி நீளத்துக்குக் கிழித்தது" என்ற கதை. ஒரு அடி உயரம் என்று வைத்தாலே 300 சதுர அடித் திறப்பு. அப்படியானால் கப்பல் 2 மணி 40 நிமிடம் மிதந்திருக்காது. கட்டிய நிறுவனமான ஹார்லண்ட் அண்ட் வுல்ஃபின் வடிவமைப்பாளர் எட்வர்ட் வைல்டிங், தண்ணீர் ஏறிய வேகத்தை வைத்து விசாரணையில் சொன்ன கணக்கு மொத்தம் 12 சதுர அடி. 200 அடிக்குப் பரப்பினால் முக்கால் அங்குல அகலம்! 1996-இல், சிதைவின் முகப்பு புதைந்துள்ள கடலடிச் சேற்றுக்குள் சோனார் (ஒலி அலை) பாய்ச்சியபோது தெரிந்தவை ஆறு மெல்லிய திறப்புகள், கூட்டினால் ஏறக்குறைய அதே அளவு. காகிதத்தில் போட்ட கணக்கு 84 வருடம் கழித்து ஒத்துப்போனதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஆனாலும் அந்தத் திறப்புகளில் சில, கப்பல் கடல் தரையில் மோதியபோது உண்டாகியிருக்கலாம். அந்த இடத்தை நேரில் பார்க்கச் சேறு விடாது.

கப்பலின் தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் தரமற்றது என்ற கதையிலும் இதே நிலைதான். கப்பலின் நடுப்பகுதியில் எஃகு ரிவெட், முன்னும் பின்னும் இரும்பு ரிவெட் அடித்தார்கள். மீட்டெடுத்த இரும்பு ரிவெட்டுகள் சிலவற்றில் கசடு (உருக்கும்போது தங்கும் கழிவு) அதிகம் என்பது ஆய்வுக்கூட முடிவு. "அதனால்தான் தகடுகளின் இணைப்பு பிரிந்தது" என்பது நியாயமான ஊகம், அவ்வளவே. அடிபட்ட வலப்புற முகப்பு புதைந்து கிடக்கிறது.

டைட்டானிக்குக்குப் பதிலாக அதே வடிவிலான சகோதரக் கப்பல் ஒலிம்பிக்கை மாற்றி அனுப்பினார்கள் என்ற கதைக்கு அதிக நேரம் வேண்டாம். சிதைவின் புரொப்பல்லரில் 401 என்ற எண் இருக்கிறது. அது டைட்டானிக்கின் கட்டுமான எண், ஒலிம்பிக்குக்கு 400.

அதற்காக, விசாரணை அறிக்கையில் வந்ததெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. உயிர்பிழைத்தவர்கள் பலர் கப்பல் இரண்டாக உடைந்தது என்றார்கள். உயிர்பிழைத்த கப்பல் அதிகாரி லைட்டோலர் உடையவில்லை என்றார். அதிகாரியின் பேச்சு எடுபட்டது. 1985 செப்டம்பர் 1 அன்று சிதைவு கிடைத்தபோது முன்பாதியும் பின்பாதியும் சுமார் 600 மீட்டர் தள்ளித் தள்ளிக் கிடந்தன. கடைசி நிமிடங்களில் விளக்குகளும் அணைந்துவிட்டன. நிலவில்லாத இரவு வேறு. அந்த இருட்டில் யார் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். பதவியை எடைபோட்டார்கள்.