உரத் தொட்டியில மறுபடியும் அதே தாள்

காலையில உரத் தொட்டியைக் கிளறினேன். நாப்பது நாளா காய்கறித் தோலும் காய்ஞ்ச சருகும் மாத்தி மாத்திப் போட்டு, இப்பத்தான் மண் வாசம் வர ஆரம்பிச்சிருக்கு. குச்சியில என்ன மாட்டுச்சு தெரியுமா? இட்லி பார்சல் கட்டின பிளாஸ்டிக் தாள்! வாழையிலையோட ஒட்டிக்கிட்டு உள்ள போயிருக்கு. இலை கறுத்து மக்கிடுச்சு. தாள் மட்டும் சாம்பார் எண்ணெய்க் கறையோட அன்னிக்குப் பார்த்த மாதிரியே கிடக்கு. இழுத்தா துண்டு துண்டாக் கிழியுது. ஒவ்வொண்ணையும் கையாலதான் பொறுக்கணும்.

இலை இருக்கறப்போ அந்தத் தாள் எதுக்குங்க? 2019 ஜனவரி 1-லயே தமிழ்நாட்டுல 14 பொருளுக்குத் தடை வந்தாச்சு. சாப்பாடு கட்டுற தாளும் அதுல ஒண்ணு. இன்னும் சேலத்துல கொதிக்கிற சாம்பார் கவர்ல. ரசம் கவர்ல. ஒரு முழம் பூ கவர்ல. தட்டுவடை செட் வாங்கினா சட்னியும் கவர்ல! தூக்குப்போசியை நீட்டினா, "எதுக்குங்க்கா செரமம், கவர்லயே போட்டுத் தரேனுங்க"ங்கறாங்க. யாருக்குச் செரமம்? கொதிக்கக் கொதிக்க அதுல ஊத்தி நம்ம புள்ளைங்களுக்கா குடுக்கறது?

ஏற்காடு போற வழியில 20 கொண்டை ஊசி வளைவு. போன வாரம் ஒரு வளைவுல, வயித்துல குட்டி தொங்க ஒரு தாய்க்குரங்கு சிப்ஸ் கவரைப் பல்லால கிழிச்சு மென்னுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. வீசிட்டுப் போனவங்களுக்கு எப்படிங்க மனசு வருது?

இன்னும் பாதித் தொட்டி கிளறணும். எத்தனை தாள் வரப்போகுதோ.