மைசூர்பாக் மிச்சம் இருக்கா சார்?

2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை காலை 7.30 மணிக்கு எங்கள் அப்பார்ட்மெண்ட் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட வரி இது. பத்து நிமிஷத்தில் பதினேழு பேர் சிரிக்கிற ஸ்மைலி வைத்தார்கள். அப்புறம் அழித்துவிட்டேன். அதற்குள் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மைசூர்பாக் கதை. 2024 நவம்பர் 6, புதன்கிழமை. நமக்கு விடியற்காலை 4.30 ஆகும்போதுதான் அமெரிக்காவில் அதிபர் தேர்தலின் முதல் வாக்குச்சாவடிகள் மூட ஆரம்பித்தன. பெங்களூரு ஹூடியில் நாங்கள் காபி போடும்போதே குரூப்பில் ஜார்ஜியா, பென்சில்வேனியா என்று ஓடிக்கொண்டிருந்தது. பகல் ஒரு மணி வாக்கில் டிரம்ப் மேடையேறி ஜெயித்துவிட்டேன் என்றார். சாயங்காலம் டி பிளாக் சார் லிஃப்ட் பக்கத்தில் டப்பாவோடு நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மைசூர்பாக் கொடுத்துக்கொண்டிருந்தார். மன்னார்குடிக்காரர், பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். விரலில் நெய் ஒட்டுகிற அசல் சரக்கு. நான் எடுக்கவில்லை. "சுகர் சார்" என்றேன். எனக்குச் சுகர் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

இதே மனிதர்தான் 2020 நவம்பரில், கமலா ஹாரிஸ் துணை அதிபராக ஜெயித்தபோது, துளசேந்திரபுரத்துப் படங்களைக் குரூப்பில் கொட்டியவர். கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி.கோபாலனின் ஊர். வாசலில் வாழ்த்துக் கோலம், தெருவில் வெடி, தர்மசாஸ்தா கோயிலில் பூஜை. "எங்க ஊருக்குப் பக்கத்து ஊர் சார்!" என்று ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தார். நாலே வருஷத்தில், டிரம்ப்பை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றபோது, பக்கத்து ஊர்ப் பொண்ணு அந்நியமாகிவிட்டார். ஏன் சார் என்று கேட்டால், "நம்மளைப் பத்தி எங்கயாவது ஒரு வார்த்தை நல்லதா சொன்னாங்களா?" என்பார். பி பிளாக்கில் கோதாவரிப் பக்கத்துக்காரர் ஒருவர் உண்டு. அவர் கணக்கு வேறு. டிரம்ப்போடு துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜே.டி.வான்ஸின் மனைவி உஷாவின் பூர்வீகம் ஆந்திராவின் வட்லூரு, ஆகவே வான்ஸ் அவர்கள் ஊர் மாப்பிள்ளை. அன்றைக்கு ஒரு ஊருக்குப் பெண் தோற்றது, இன்னொரு ஊருக்கு மாப்பிள்ளை ஜெயித்தார். கல்யாண வீட்டில் உரிமை கொண்டாடுகிற மாதிரி, அதுவரைக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரிதான் கெட்டுப்போனது. ஒரு கோஷ்டி "சுனாமி, அமெரிக்காவே ஒரே பக்கம் சாய்ஞ்சுடுச்சு" என்றது. இன்னொரு கோஷ்டி "அந்த நாடே இனவெறி நாடு, பொம்பளை ஜெயிக்க விடமாட்டான்" என்றது. நான் இரண்டாவது கோஷ்டி. கலிபோர்னியாவில் ஓட்டு எண்ணி முடிக்க இன்னும் பல வாரம் இருந்தது. எங்களுக்குக் காரணம் அத்தனையும் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கடைசியில் எண்ணி முடித்தபோது டிரம்ப்புக்கு 49.8 சதவீதம், கமலாவுக்கு 48.3. ஒரு வரிசையில் 200 பேர் நின்றால் 100 பேர் இந்தப் பக்கம், 97 பேர் அந்தப் பக்கம். அதிபரை முடிவு செய்கிற, மாநிலவாரியாகப் போகிற தேர்வாளர் ஓட்டில் 312க்கு 226 என்று பார்க்கும்போதுதான் அது மலை மாதிரி தெரிகிறது. முடிவைத் தீர்மானித்த விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்று மாநிலத்திலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 2,30,000 ஓட்டு. எங்கள் மகாதேவபுரா சட்டமன்றத் தொகுதி ஒன்றில் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் இருக்கிறார்கள். இதில் எங்கே சுனாமி? எங்கே மொத்த நாடும் இனவெறி?

(மகாதேவபுரா என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 ஏப்ரல் 26 மக்களவைத் தேர்தல் ஒரு வெள்ளிக்கிழமை. பென்சில்வேனியாவுக்கு 19 தேர்வாளர் என்று விரல்நுனியில் வைத்திருந்தவர்களில் நாலு குடும்பம் அந்த வாரம் கூர்க்கில் இருந்தது. அப்போது எங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று கேட்காதீர்கள். மாநகராட்சித் தேர்தல் அதற்கு முன் கடைசியாக நடந்தது 2015ல், கவுன்சிலர்கள் பதவிக்காலம் 2020 செப்டம்பரோடு முடிந்துபோனது. அதற்கு ஒருவரும் மைசூர்பாக்கும் கொடுக்கவில்லை, மூக்கும் சிந்தவில்லை.)

அதே நவம்பர் 6 சாயங்காலம் எனக்கு வழக்கமான கிளையண்ட் கால். ஒஹையோவில் ஒருவர், மேரிலாந்தில் ஒருவர், டெக்சாஸில் இரண்டு பேர். ராத்திரி முழுக்க தூங்காத முகங்கள். ஒருவர் கேமராவே போடவில்லை. நான் உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தேன், யாராவது வாயைத் திறக்க மாட்டார்களா என்று. மேனேஜர், "சரி, நேத்து எங்கே விட்டோம்?" என்று டிக்கெட் நம்பரைப் படித்தார். அவ்வளவுதான். யார் யாருக்குப் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓட்டுள்ளவன் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தான். ஓட்டில்லாத நாங்கள் ராத்திரி 12 மணி வரைக்கும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் கிழித்துக்கொண்டிருந்தோம்.

அவர்களும் ஒன்றும் புத்தர்கள் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதாமாதம் நுகர்வோர் மனநிலைக் கணிப்பு ஒன்று எடுக்கிறது. தேர்தல் முடிந்த கையோடு டிரம்ப்பின் குடியரசுக் கட்சிக்காரர்களுக்குப் பொருளாதாரத்தின் மேல் நம்பிக்கை ஏறியது, கமலாவின் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு இறங்கியது. பதவியேற்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஒரு வாரத்தில் பணவீக்கமும் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை. இதைப் படித்துச் சிரித்தேன். பிறகு யோசித்தால் 2013ல் டாலர் 68 ரூபாய்க்குப் போனபோது குதித்தவர்கள் 2025ல் 88க்குப் போனபோது உலகப் பொருளாதாரம் பேசினார்கள். 2013ல் உலகப் பொருளாதாரம் பேசின என்னைப் போன்றவர்கள் இந்தத் தடவை குதித்தோம். ரூபாய் பாவம், அதற்குக் கட்சி தெரியாது.

சரி, செப்டம்பருக்கு வருகிறேன். ஆகஸ்ட் 27ல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி அமலுக்கு வந்தபோதே குரூப் கொஞ்சம் அடங்கியிருந்தது. சி பிளாக் அண்ணனின் மச்சானுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. அப்போதும் டி பிளாக் சார், "எல்லாம் பேரம் பேசுறதுக்குப்பா" என்றார். செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை டிரம்ப் கையெழுத்துப் போட்டார்: அமெரிக்காவில் வேலை பார்க்க வாங்குகிற எச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர். நம் பணத்தில் 88 லட்சம். யாருக்கு, வருஷா வருஷமா, ஏற்கெனவே விசா வைத்திருப்பவனுக்குமா, ஒன்றும் தெளிவில்லை. வருஷாவருஷம் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக அமைச்சரே சொல்லிவைத்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் கெடுவுக்குள் திரும்பி வரவேண்டும் என்று கம்பெனிகள் ராத்திரியோடு ராத்திரியாக மெயில் அனுப்பின. கெடு நம் நேரத்துக்கு ஞாயிறு காலை 9.30.

அமெரிக்காவில் எச்-1பியில் இருக்கிற டி பிளாக் சாரின் மகன் புதன்கிழமைதான் வந்திருந்தான். மூன்று வருஷத்துக்கு அப்புறம், கொலுவுக்காக, மனைவி குழந்தையோடு. குழந்தை விளையாட்டுத் திடலில் சறுக்கு மரத்தில் ஏறிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். தெரிந்துதான் அந்த வரியைப் போட்டேன். தெரியாமல் போட்டிருந்தால் இந்தப் பதிவே இருக்காது. செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, தித்திப்பு. பத்து மாதமாகக் காத்திருந்த பதில் கையில் கிடைத்த தித்திப்பு. இத்தனைக்கும் எச்-1பி வாங்குகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் நம்மவர்கள். என் தங்கை மாப்பிள்ளையே அதில்தான் இருக்கிறார். அந்த நேரத்தில் அதுகூட மண்டையில் ஏறவில்லை.

என் மனைவி போனைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க டிரம்ப்பைக் கேலி பண்றீங்களா, அந்தப் பிள்ளையையா?"

9.45க்கு பால் வாங்கிக்கொண்டு வந்தேன். லிஃப்ட் திறந்தது. உள்ளே நாலு பெட்டி. மகன் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை. மருமகள் போனில் டிக்கெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிடைத்த டிக்கெட்டுக்கு என்ன விலை கொடுத்தார்களோ. சார் கையில் ஒரு துணிப்பை, மேலே சாம்பார் பொடிப் பாக்கெட் எட்டிப் பார்த்தது. நான் கதவை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. "தேங்க்ஸ்" என்றார். சாரி என்று சொல்ல வாய் வரவில்லை. சாம்பார் பொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு விடியற்காலை நாம் தூங்கும்போது வெள்ளை மாளிகையிலிருந்து விளக்கம் வந்தது. புது மனுக்களுக்கு மட்டும்தானாம், ஒரே தடவைதானாம், விசா வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போய் வரலாமாம். பையன் அப்போது விமானத்தில் இருந்தான். பத்து நாள் லீவில் மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

திங்கள் நவராத்திரி ஆரம்பம். டி பிளாக் மாமி எங்கள் வீட்டுக்கும் வந்து குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டார்கள். நான் வரவில்லை என்றேன், மனைவி விடவில்லை. ஏழு படி. கீழே மணலில் பார்க் கட்டியிருந்தார்கள், கடுகு முளைவிட்டிருந்தது. செட்டியார் பொம்மை கடைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் அமெரிக்க ஸ்கூல் பஸ் நின்றது. பேரன் கொலுவில் வைப்பதற்கென்று அங்கிருந்தே எடுத்து வந்தானாம்.

"சார், அன்னிக்கு நான்…" என்று இழுத்தேன்.

"டிரம்ப்பைச் சொல்லிக் குத்தமில்ல" என்றார் சார், நான் எதையோ கேட்டதுபோல. "கம்பெனிக்காரன்தான் பயந்துட்டான். ஒரு நாள் பொறுத்திருக்கலாம்."

பதில் நாக்கு நுனி வரை வந்தது. மாமி தொன்னையை நீட்டினார். சார் அதை வாங்கி என் கையில் வைத்தார்.

"சுண்டல்தான். சுகருக்கு ஒண்ணும் பண்ணாது, சாப்பிடுங்கோ."

கொண்டைக்கடலை. உப்பு கொஞ்சம் தூக்கல்.