ஆலிவர் டார்வெட்டும் நம் இரண்டு சென்னைக்காரர்களும்

டென்னிஸ் பார்க்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அந்த ஆலிவர் டார்வெட் தேறுவானா?

2025 விம்பிள்டன் தொடங்கியபோது டார்வெட்டின் உலகத் தரவரிசை 733. வயது 21. அமெரிக்காவில் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் மாணவர். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று உள்ளே வந்தார். முதல் சுற்றில் லியாண்ட்ரோ ரீடியை 6-4, 6-4, 6-4 என்று தோற்கடித்தார். அடுத்து சென்டர் கோர்ட்டில் நடப்புச் சாம்பியன் அல்கராஸ். முதல் செட் 6-1 என்று பறிபோனது. ஆனால் பையன் கலங்கவில்லை, அடுத்த இரண்டையும் 6-4 வரை கொண்டுபோனார். இரண்டாம் சுற்றுக்கான பரிசு 99,000 பவுண்டு. கல்லூரி விளையாட்டு விதிகளால் அதில் பெரும்பகுதியை அவரால் தொட முடியவில்லை. செலவுகள் போக ஆண்டுக்கு 10,000 டாலர்தான் எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி.

செய்தித்தாள்கள் இதைத் தேவதைக் கதையாக எழுதின. அதே விம்பிள்டனில் 2016-ல் 772-ஆம் இடத்திலிருந்த மார்கஸ் வில்லிஸ் வந்து, பெரான்கிஸை வென்று, ஃபெடரருடன் ஆடியபோதும் இப்படித்தான் எழுதினார்கள். வில்லிஸுக்கு அதன்பின் ஒற்றையரில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எனவே "தேறுவானா" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு விடை தேட நான் விம்பிள்டனுக்குப் போவதில்லை. 2018-ஆம் ஆண்டுக்குப் போகிறேன்.

அந்த ஆண்டு ஒரே கோடையில், ஒரு மாத இடைவெளியில், இரண்டு சென்னைக்காரர்கள் புல்தரையில் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். ஜூனில் ஸ்டுட்கார்ட்டில், 169-ஆம் இடத்திலிருந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரன் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, உலகின் 23-ஆம் நிலை வீரர் ஷபோவலோவை மூன்று செட்களில் வென்றார். அடுத்த சுற்றிலேயே வெளியேறினார். ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில், 161-ஆம் இடத்திலிருந்த ராம்குமார் ராமநாதன் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டார். 2011-ல் சோம்தேவ் தேவ்வர்மனுக்குப் பிறகு ஏடிபி (ஆண்களின் உலகத் தொழில்முறைச் சுற்று) ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். அந்த ஞாயிறு இரவு நான் தூங்கவில்லை. இரண்டாவது செட்டை ராம்குமார் எடுத்தபோது, வீட்டில் எல்லோரும் உறங்கும் நேரத்தில், வாய்விட்டுக் கத்தினேன். மூன்றாவது செட்டை ஸ்டீவ் ஜான்சன் 6-2 என்று முடித்தார்.

இந்த இருவரில் யார் முதல் நூறுக்குள் போவார் என்று அன்று கேட்டிருந்தால், தயங்காமல் ராம்குமார் என்றிருப்பேன். முந்தைய ஆண்டுதான் அந்தால்யா புல்தரையில் உலகின் 8-ஆம் நிலை வீரர் டொமினிக் தீம் என்பவரை 6-3, 6-2 என்று துவைத்திருந்தார். வயதிலும் பிரஜ்னேஷைவிட ஐந்து ஆண்டுகள் இளையவர். பிரஜ்னேஷோ முழங்கால் காயத்தால் பல ஆண்டுகளை இழந்து, 28 வயதில் மறுபடியும் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவர்.

நடந்தது நேர்மாறு. ராம்குமார் அந்த ஜூலை இறுதியில் 111-ஐத் தொட்டார். அதுவே அவருடைய உச்சம். ஒரு கிராண்ட்ஸ்லாமின் 128 இடங்களில் 104 தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. அந்தப் பட்டியல் ஆறு வாரம் முன்பே முடிவாகிவிடும். நியூபோர்ட்டின் 150 புள்ளிகள் கணக்கில் ஏறியபோது அமெரிக்க ஓப்பனுக்கான அந்த நாள் கடந்திருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. தரவரிசைப் புள்ளிகள் 52 வாரம்தான் நிற்கும்; அதன்பின் அவையும் கழன்றன. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்று அவருக்கு வாய்க்கவே இல்லை.

பிரஜ்னேஷுக்கு ஸ்டுட்கார்ட்டில் கிடைத்தது சொற்பப் புள்ளிகள். ஆனால் அவர் அந்த வெற்றியை நம்பி உட்காரவில்லை. ஆசிய விளையாட்டில் வெண்கலம். நவம்பரில் பெங்களூரு சேலஞ்சர் (ஏடிபி போட்டிக்கு ஒரு படி கீழானது) பட்டம். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றைக் கடந்தார். பிப்ரவரியில் சென்னை சேலஞ்சரில் அரையிறுதி ஆடி, சொந்த ஊரிலேயே முதல் நூறுக்குள் நுழைந்தார். மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸில் பசிலாஷ்விலியை வீழ்த்தி மூன்றாம் சுற்று. ஏப்ரலில் 75-ஆம் இடம். 2019-இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் பிரதான சுற்றில் ஆடினார்.

புல்தரை ஏன் ஆளை ஏமாற்றுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். நல்ல சர்வும், பந்தின் அடியை வெட்டி அடிக்கும் தாழ்வான ஸ்லைஸும், வலைக்கு ஓடும் துணிச்சலும் இருந்தால், தரவரிசையில் நூறு இடம் மேலே இருப்பவரையும் அன்றைக்குத் திணறடிக்கலாம். ராம்குமாரின் ஆட்டம் அதற்கென்றே வார்த்தது. ஆனால் பிரெஞ்சு ஓப்பன் முடிந்தபின் ஐந்தாறு வாரம்தான் புல். மீதி ஆண்டு முழுக்கக் களிமண்ணும் கடினத் தரையும். அங்கே பந்து தோள் உயரத்துக்கு எழும்பும், பந்து இருபது முறை வலையைத் தாண்டும் நீண்ட பாயிண்டுகளை வென்றாக வேண்டும்.

திறமை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொன்னால் ராம்குமாருக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த ஏடிபி போட்டியை 2018-இல் புனேவுக்கு விட்டுக்கொடுத்தோம். இப்போது நாட்டிலேயே அந்த நிலைப் போட்டி இல்லை. டார்வெட்டுக்கு குயின்ஸ், ஈஸ்ட்போர்ன், நாட்டிங்ஹாம், விம்பிள்டன் என்று புல்தரைப் போட்டிகள் எல்லாம் ரயிலில் போகும் தூரம். அவர் பிறந்த நாட்டின் பேறு அது.

அதுவே அவருக்கு ஆபத்தும். ஒவ்வொரு ஜூனிலும் யாராவது ஒரு வைல்டு கார்டை, அதாவது தரவரிசை பாராமல் தரும் அழைப்பை, கையில் கொடுத்துவிடுவார்கள். அதை நம்பி ஆண்டைக் கழித்துவிடலாம், பழைய அல்கராஸ் ஆட்டத்தைப் பற்றியே பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கலாம். கல்லூரி டென்னிஸ் அவரைக் கெடுத்துவிடும் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேமரன் நோரியும் பென் ஷெல்டனும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். பயிற்சியாளர், உடற்பயிற்சிக்கூடம், வாரந்தோறும் ஆட்டம் எல்லாம் அங்கே கைக்காசு செலவில்லாமல் கிடைக்கின்றன. 700-ஆம் இடத்தில் இருக்கும் ஒருவர் சொந்தப் பணத்தில் ஊர் ஊராகப் போய் முதல் சுற்றில் தோற்றுத் திரும்புவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஆகவே நண்பர்களுக்கு என் பதில் இதுதான். முதல் இருநூறுக்குள் அவர் வருவார் என்று நம்புகிறேன். அல்கராஸுக்கு எதிரே கை நடுங்காத பையனுக்கு அந்த அளவு நெஞ்சுரம் இருக்கிறது. முதல் நூறு பற்றி இப்போதே வாய் திறக்க மாட்டேன். ஜூன் மாதம் அவர் பெயர் எந்தப் பட்டியலில் வருகிறது என்று நான் தேடப்போவதில்லை. ஏப்ரலில் ஏதோ ஒரு சிறிய ஐரோப்பிய ஊரின் களிமண் சேலஞ்சரில், இருநூறு பேர்கூட இல்லாத அரங்கில், மூன்றாவது செட்டில் அவர் என்ன செய்கிறார் என்றுதான் பார்க்கப்போகிறேன்.