உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு டாப் மாடல் வேண்டுமா?

டூரிங் பைக் எடுக்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, பேஸ் மாடலா டாப் மாடலா என்பதுதான். ஷோரூமில் இதற்குச் சொல்லும் பதில் எல்லா ஊருக்கும் பொதுவானது. மதுரையில் வீட்டுக்குள் நிற்கிற வண்டிக்கும் மண்டபத்தில் கடல் பார்த்து நிற்கிற வண்டிக்கும் ஒரே பதில் செல்லாது. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, பாம்பன், தங்கச்சிமடம் என்று கரையோரம் வண்டி வைத்திருக்கப் போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் பணத்தைச் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் கொடுங்கள். நிறத்துக்கும் பெட்டிக்கும் பெரிய திரைக்கும் கொடுக்காதீர்கள். பிறகு மாட்டிக்கொள்ள முடியாதது எதுவோ அதை மட்டும் கம்பெனியிலிருந்தே வாங்க வேண்டும். மாட்டிக்கொள்ள முடிந்தது எல்லாம் பேஸ் மாடலுக்குமேல் ஒவ்வொன்றாக வரட்டும்.

சக்கரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வண்டியை நடுவழியில் நிறுத்துவது எஞ்சின் கிடையாது, சீமைக்கருவை முள். விறகும் கரிமூட்டமும் இங்கே பெரிய தொழில். டிராக்டரில் ஏற்றிப்போகும் கருவைக் கட்டுகளிலிருந்து உதிரும் முள் சாயல்குடிச் சாலையிலும் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிளைச் சாலைகளிலும் ஓரமாகக் கிடக்கும். எதிரே பேருந்து வந்தால் பைக் ஒதுங்குவது அந்த ஓரத்தில்தான். கருவை முள் ஆணி மாதிரி மொத்தமாக வெளியே வராது. நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். டியூப் டயரில் பஞ்சர் ஒட்டி ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கினால் காரணம் ஒட்டியவர் கைப்பழுது இல்லை, டயருக்குள் தங்கிய அந்த நுனிதான். டியூபை மாட்டும் முன் டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் துடைத்து, துணி சிக்கும் இடத்தைக் குறடு வைத்துப் பிடுங்க வேண்டும். விரலால் தடவாதீர்கள், விரலைக் கிழித்துவிடும்.

டூரிங் பைக்கில் டியூப் டயர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வண்டிகளில் முன்சக்கரம் 21 இஞ்ச். நம் ஊர் பஞ்சர் கடைகளில் 17, 18 இஞ்ச் டியூப் இருக்கும், 21 தேடினால் அபூர்வம். பின்சக்கரம் கழற்றுவதென்றால் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, செயினை இறக்கி, பிரேக் காலிப்பர் இடிபடாமல் சக்கரத்தை உருவ வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் அதற்குக் கல் அடுக்க வேண்டியிருக்கும். மூக்கையூருக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் மதிய வெயிலில் இதைச் செய்யும் நிலை யாருக்கும் வேண்டாம்.

உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் என்றால் வேலை பத்து நிமிடம். முள்ளை உடனே பிடுங்காதீர்கள், அது அடைத்துக்கொண்டிருக்கும் வரை காற்று மெதுவாகத்தான் போகும். கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டு, முள் எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பிடுங்கி, அதே சாய்வில் அரத்தை நாலைந்து முறை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். பசை தடவிய ஸ்ட்ரிப்பை மூன்றில் இரண்டு பங்கு உள்ளே தள்ளி, கைப்பிடியைச் சட்டென்று இழுத்து, வெளியே நீட்டியிருப்பதில் சில மில்லிமீட்டர் விட்டு நறுக்கிவிட்டுக் காற்று பிடியுங்கள். எச்சில் தொட்டு வைத்துக் குமிழ் வருகிறதா என்று பார்த்தபின் கிளம்பலாம்.

அதனால் இரண்டு மாடலுக்கும் உள்ள வித்தியாசம் டியூப்லெஸ் சக்கரம் என்றால் யோசிக்காமல் கூடுதல் பணத்தைக் கொடுங்கள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வண்டிக்கு டியூப்லெஸ் ஸ்போக் (கம்பி) சக்கரம் 2024-இல் தனித் தேர்வாக வந்தபோது சுமார் 11,000 ரூபாய் கூடுதல். அதே வண்டியின் வெவ்வேறு நிறங்களுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தோடு ஒப்பிட்டால் எது பிரயோசனம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் எல்லா நேரமும் டாப் மாடல்தான் நல்ல சக்கரத்தோடு வரும் என்று நினைக்காதீர்கள். 2025 ஜனவரியில் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரில் விலை குறைந்த எக்ஸ் மாடலுக்கு முன் 19, பின் 17 இஞ்ச் அலாய் (கம்பியில்லாத வார்ப்புச் சக்கரம்), விலை கூடியதற்கு 21/17 ஸ்போக். ஆக்ஸிலரேட்டரைப் பிடிக்காமலேயே வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலும் சரிசெய்யக்கூடிய சஸ்பென்ஷனும் எக்ஸில் இல்லாமல்தான் வந்தது. ஆனாலும் உப்புக்காற்றுக்கு அலாய்தான் சுலபம். ஸ்போக் கம்பி நிப்பிளில் உப்பு ஏறினால் அது இறுகிவிடும், கோட்டம் எடுக்கத் திருகினால் கம்பி அறுந்து வரும். ஸ்போக் சக்கரம் எடுத்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதைத் தவறவிடக் கூடாது. மலைப்பாதையில் கல்லில் இடித்து ஓட்டப் போகிறவர்களுக்குத்தான் ஸ்போக் சரி, அலாய் அங்கே விரிசல் விடும்.

அடுத்தது பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் பேஸ் மாடலிலும் அது இருக்கும். டாப் மாடலில் கூடுதலாக வருவது சாய்வை உணரும் ஏபிஎஸ். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒரு சென்சார் அளந்து, வளைவில் பிரேக் பிடித்தாலும் சக்கரம் வழுக்காமல் அழுத்தத்தைக் குறைக்கும். நம் சாலைகள் நேர்கோடுதானே, இது எதற்கு என்று கேட்பார்கள். மணல் இருக்கிறதே! முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை, காற்று அடிக்கும் மாதங்களில் தார்மேல் மெல்லிசாக மணல் படிந்து கிடக்கும், வளைவில் கண்ணுக்கே தெரியாது. பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் உள்ள இரும்பு மழை ஈரத்தில் வழுக்கும். இந்தச் சென்சாரைப் பிறகு கடையில் வாங்கி மாட்ட முடியாது. எனவே இதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. ஒரு எச்சரிக்கை: ஆழமான மணலில் இறங்கினால், பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது எஞ்சின் சக்தியை வெட்டிக்கொண்டே இருக்கும், பின்சக்கரம் நின்ற இடத்திலேயே புதையும்.

க்ரூஸ் கன்ட்ரோலைப் பொறுத்தவரை நீங்கள் எந்தப் பக்கம் அதிகம் ஓட்டுவீர்கள் என்று பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆடும் மாடும் உப்பு லாரியும் குறுக்கே வரும், அங்கே அதற்கு வேலை இல்லை. மதுரை பரமக்குடி நான்குவழியில் உண்டு. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரையும் நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. மாதம் இரண்டு முறை மதுரை தாண்டிப் போகிறவர்கள் கேட்டு வாங்கலாம், மற்றவர்கள் விட்டுவிடலாம். கைப்பிடிச் சூடு, சீட் சூடு எல்லாம் பெரிய வண்டிகளின் டாப் மாடலில் வரும். சித்திரை வெயிலில் கைப்பிடியே தொட முடியாத ஊரில் அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

இனி உப்பு. பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காக்க எத்தனை தலைமுறை பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தது என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் போட்டதும் அதனால்தான். நாம் வாங்கும் பைக் அந்தக் காற்றில்தான் இரவு முழுக்க நிற்கிறது. டாப் மாடல் என்றால் சென்சார் கூட, ஒயர் கூட, கனெக்டர் கூட. ஒவ்வொரு கனெக்டரும் உப்பு ஏற ஒரு வாசல்.

முதலில் கெடுவது எது என்றால், சைடு ஸ்டாண்டு சுவிட்ச். உப்பு ஏறினால் ஸ்டாண்டை எடுத்தாலும் எடுக்கவில்லை என்றே வண்டி நினைக்கும், கியர் போட்டதும் எஞ்சின் நின்றுவிடும். அடுத்து சக்கரத்தின் வேகத்தைச் சென்சார் எண்ண உதவும் ஏபிஎஸ் வளையம். துருப் படிந்தால் சென்சாருக்குக் கணக்குத் தவறும், விளக்கு எரியும், ஏபிஎஸ் ஓய்ந்துவிடும். நிறையப் பேர் சென்சாரையே மாற்றுகிறார்கள். முதலில் வளையத்தை மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்து பாருங்கள். பின்னர் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய். அதில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி வந்தால் போதும், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஆயில் சீலை அறுக்கும். சரிசெய்யக்கூடிய விலையுயர்ந்த சஸ்பென்ஷன் என்றால் அதன் திருகுகளும் அசைக்காமல் விட்டால் இறுகிப்போகும். மாதம் ஒருமுறை எத்தனை க்ளிக் என்று எண்ணி முழுக்கத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்.

டெலிவரி எடுத்த வாரமே மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் செலவழித்து எல்லாக் கனெக்டரிலும் ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ், பேட்டரி முனைகளில் வாசலின் வைக்கச் சொல்லுங்கள். எஃகு போல்ட் அலுமினியத்தில் இறங்கும் இடங்களில் போல்ட் இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசை தடவ வேண்டும். தனுஷ்கோடி போய்வந்த அன்றே கழுவ வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. எஞ்சின் ஆறியபின் மூன்று நான்கு குடம் நல்ல தண்ணீர் போதும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன், கரையோர வாட்டர் வாஷ் பல இடங்களில் போர் தண்ணீர், அதுவே உப்பு. அதில் கழுவினால் உப்பின்மேல் உப்பு. காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பீய்ச்சி அடிக்கும் குழாயைச் சக்கர பேரிங், ரேடியேட்டர், கனெக்டர் பக்கம் காட்டவே கூடாது. செயின் காய்ந்ததும் எண்ணெய் போடுங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன், இதைப் பலர் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், 350 வரை 18. உதிரிப் பாகங்களுக்கு 18. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு ஆயுட்கால சாலை வரி 12 சதவீதம். அப்படியென்றால் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டியில் டாப் மாடலோடு சேர்ந்துவரும் விண்ட்ஸ்கிரீன், கைக்காப்பு, எஞ்சின் அடித்தட்டு, பெட்டிச் சட்டம் எல்லாவற்றுக்கும் 40 சதவீதமும் அதன்மேல் சாலை வரியும் கட்டுகிறீர்கள். அதையே பிறகு தனியாக வாங்கினால் 18-தான். ஷோரூமில் இரண்டு மாடலுக்கும் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிக் கழித்துப் பாருங்கள். ஷோரூம் விலை வித்தியாசத்தைவிட அது பெரிதாக இருக்கும்.

பெட்டிகள் பற்றி ஒன்று. டாப் மாடலின் அகலமான அலுமினியப் பெட்டிகள் படத்தில் அழகு. ஆனால் ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள். ராமேஸ்வரம் போகும்போது அந்தக் காற்று வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். மேல் பெட்டியில் கனத்தை ஏற்றினால் காற்று வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் அதுதான். துணிப் பைகளில் கனத்தைத் தாழ வையுங்கள், உயரமான விண்ட்ஸ்கிரீனைப் பாலத்துக்கு முன் தாழ்த்துங்கள், வேகத்தை 50-க்குள் கொண்டுவாருங்கள்.

பேஸ் மாடல் விலைக்கே இரண்டு வருடம் ஓடிய டாப் மாடல் கிடைக்கிறது என்று சிலர் பார்ப்பீர்கள். அது கடலோர வண்டி என்றால் பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். குனிந்து ஃபோர்க் குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஒரு இடத்தில் நகம் தடுக்கினாலும் விலையில் கழியுங்கள். சாவி போட்டு ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா, வண்டி நகர்ந்ததும் அணைகிறதா என்று பாருங்கள். சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் பல்பையோ ஒயரையோ யாரோ பிடுங்கி வைத்திருக்கிறார்கள், அந்த வண்டி வேண்டாம். கடைசியாக சீட்டைக் கழற்றி, பேட்டரிக்கு அருகில் உள்ள கனெக்டர் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பச்சை படிந்திருந்தால் விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள்.